சிரிக்கிற படம்

மார்ச் 3

வாஷிங் மெஷின் ரிப்பேரில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. ஆனால் போன்தான் வருவதில்லை. இணையத்தில் எவனோ எழுதியிருக்கிறான்: "வேலை சுத்தம். வாயைத் திறந்தாதான் தாங்க முடியல." சட்டைப் பையில் ஆணியோடு துவைக்கப் போடுகிறவனைத் திட்டாமல் கொஞ்சுவார்களா?

மனைவி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். "ஊருக்கே நீங்க சிடுமூஞ்சி. வீட்டுலயும் வள்ளுவள்ளுன்னு விழறீங்க. இப்படியே போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

மார்ச் 5

கெட்ட பேரை நல்ல பேராக்கித் தரும் விளம்பரக்காரியிடம் போனேன். "சிரிங்க சார்" என்றாள். வந்தால்தானே! "விடுங்க, நான் வர வச்சுக்கறேன்" என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு சிரிப்பை ஒட்டினாள். இப்போது கடைப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்றாவி.

மார்ச் 14

போன் ஓயவில்லை. அடேயப்பா, ஒரு படத்துக்கா இவ்வளவு!

மார்ச் 19

மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து மெஷினை சரி பண்ணிட்டு, எங்கம்மாகூட எவ்வளவு நேரம் பேசிட்டிருந்தீங்க!" நேற்று நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஆள் மாறிச் சொல்கிறார் போல. நல்ல பேர்தானே, தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 26

இன்னும் நாலைந்து பேர் இதேபோலச் சொல்லவும், எனக்குப் பதிலாக யாரையாவது அனுப்புகிறாயா என்று விளம்பரக்காரியிடம் கேட்டேன். "நீங்கதானே சார் போறீங்க? எல்லாரும் உங்ககூட படம் எடுத்துப் போடறாங்களே!" காட்டினாள். என் சட்டை. என் டூல் பை. அந்தச் சிரிப்பு.



ஏப்ரல் 2

மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டு வைத்தாள். "மத்தியானம் வந்து என்னமா பேசினீங்க! மனசே நிறைஞ்சு போச்சு."

நான் மத்தியானம் வரவே இல்லைடி! கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. "மறுபடியும் பழையபடியா?"

பயமாயிருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்ல? சொன்னா எவன் நம்புவான்?

ஏப்ரல் 4

பலகையைக் கழற்றி உடைக்கலாம் என்று காலையிலேயே போனேன். கடைப் பேர் இருக்கிறது. போன் நம்பர் இருக்கிறது. படம் இருந்த இடம் மட்டும் வெறும் வெள்ளை.

ஏப்ரல் 5

இனிமையான நாள். மனைவியும் நானும் சேர்ந்து சமைத்தோம். சாப்பிடும்போது யாரோ ஒருவர் கதவைத் தட்டினார். இது தன் வீடாம், இவள் தன் மனைவியாம். பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ. நான் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரித்தபடியே கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு சத்தமில்லை.

இந்த நோட்டில்தான் எத்தனை வசவு! இனி நல்லதை மட்டுமே எழுத வேண்டும்.

"யாருங்க அது? அச்சு அசலா உங்களை மாதிரியே இருந்தாரு" என்று மனைவி கேட்டாள்.

"யாரோ ஒரு சிடுமூஞ்சிம்மா" என்றேன். இருவரும் சிரித்தோம்.