இடியப்பம் இன்னும் வரவில்லை

என் அருமை மாப்பிள்ளை அந்தோணிக்கு,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வேன் என்று பொந்தியானில் காயும் அத்தனை கருவாட்டின் மீதும் சத்தியம் செய்து தொடங்குகிறேன். உன் போன் ரிப்பேர் கடையில் பிறந்த இயங்குதளம் இன்று உலகத்தையே ஆள்கிறது. சிங்கப்பூரிலிருந்து நாற்பது இன்ஜினியர்கள் பாலம் கடந்து வந்து, அதைப் பார்க்க என் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். நான்தான் உள்ளே விடவில்லை.

என் பழைய போனுக்குக் கம்பெனிக்காரன் அப்டேட் தருவதை நிறுத்தியதும், பொதுவில் கிடைத்த மென்பொருளை இறக்கி, மூன்று மாதம் குடைந்து, நீதானே அதற்கு உயிர் கொடுத்தாய்? திரையில் வரும் அறிவிப்புகளையெல்லாம் நம் மலேசியத் தமிழ்ப் பேச்சுக்கு மாற்றினாய். பேட்டரி இறங்கினால், "மச்சான், சார்ஜ் போடுங்கலா." பின் நம்பரைத் தப்பாக அடித்தால், "அலமாக், கண்ணாடியப் போட்டுட்டு அடிங்க." எந்த சுல்தானை அவர் போன் இப்படி அதட்டியிருக்கிறது?

பதிப்புகளுக்குப் பலகாரப் பெயர் வைத்தாய். முதலில் அப்பம், பிறகு புட்டு. அடுத்தது இடியப்பம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

உன் கடையில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். ஒருநாள் குடித்தேன். அதிலிருந்து கீழே விழுந்த ஒரு ஜவ்வரிசி உருண்டை எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் ஆயர் ஈத்தாம் வரை உருண்டுபோனது. இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

நேற்று உன் ரோசி, அதுதான் என் தங்கை, எனக்கு ஒரு புது போனோடு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து செய்தி அனுப்பும் செயலி உன் புட்டில் ஓடாதாம். பழையதைக் கடையில் கொடுத்துவிடலாம் என்றாள். இன்ஜினியர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, அடுத்தத அனுப்ப அவரு இல்ல. இதையே எத்தனை நாளைக்குப் பாத்துட்டு இருப்பீங்க?"

நான் அப்டேட் பொத்தானை அழுத்தி அவளிடம் நீட்டினேன்.

"புதுசு இன்னும் ரெடியாகல மச்சான். நாளைக்குப் பாருங்க."

இரண்டு முறை வாசித்தாள். பிறகு அவளே ஒருமுறை அழுத்தினாள். சிம்மை மட்டும் கழற்றிப் புதியதில் போட்டாள். பழையதைச் சார்ஜில் வைத்துவிட்டுப் போனாள்.

இனி அந்த போனில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அதன் பேட்டரியை நான் சாகவிட மாட்டேன், இது வாக்கு.

இன்ஜினியர்கள் பொய், மாப்பிள்ளை. உருண்டையும் பொய்தான். தினமும் காலையில், கோப்பி குடிப்பதற்கு முன்னால், அந்தப் பொத்தானை அழுத்துகிறேனே, அது மட்டும் நிஜம்.

இடியப்பத்துக்குக் காத்திருக்கும்
உன் மச்சான்,
சவரி