அரியலூர் லைனில் ஃபேன் சத்தம்

பாய், உங்கள் ஃபேன் நின்றுவிட்டதோ என்று நேற்று காலையில் நான் நடுங்கிப் போனேன்.

ஃபேன் நிற்கவில்லை. போன்தான் மாறியிருக்கிறது. பெரம்பலூர் ஆபீசிலும் அரியலூர் ஆபீசிலும் பழைய போன்களைக் கழற்றிவிட்டுக் கறுப்பு நிறத்தில் புதுசு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் வாசனைகூட இன்னும் போகவில்லை. வழக்கம்போல அரியலூருக்கு இருபத்தொன்றை அழுத்தினேன். உங்கள் நாற்காலியில் இப்போது உட்காருகிற கவிதா எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றாள். சுண்ணாம்புக்கல் ஏற்றப் போன வண்டி யார்டுக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்டேன். "இருங்கக்கா, எட்டிப் பாத்துட்டு வரேன்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. உங்கள் மேசை ஃபேனின் கடக் கடக் இல்லை, வெளியே லாரி உறுமுகிற சத்தம் இல்லை. காதுக்குள் பஞ்சை அடைத்தது மாதிரி ஒரு அமைதி. அவள் திரும்பி வந்து "வந்துடுச்சுக்கா" என்று சொல்கிற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை.

போன் மாட்ட வந்த திருச்சி இன்ஜினியர் தம்பி பெருமையாகச் சொன்னான்: "பின்னாடி வர்ற சத்தத்தை எல்லாம் இது வடிகட்டிடும்க்கா. பேச்சு மட்டும்தான் வரும். யாரும் பேசலைன்னா ஒண்ணுமே வராது." அந்த ஒன்றுமே வராததுதான் எனக்குப் பயம் என்பது அவனுக்கு எப்படிப் புரியும்? உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்ட விஷயம். லாரி ஆபீசில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரரும் நம் வண்டி ஓட்டுகிறவர். ஒவ்வொரு மணிக்கும் எங்கே கவிழ்ந்ததோ, யார் போனார்களோ என்று ஈரக்குலை நடுங்கும். குரும்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறபோதே சாமியை வேண்டிக்கொண்டுதான் வருவேன். ஒரு நாள் நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்: "அடிக்கிற போனுக்குப் பயப்படாதம்மா. அந்தப் பக்கம் பேச ஒரு ஆள் இருக்குன்னுதான அர்த்தம்." அடிக்காத போனைப் பற்றி அன்றைக்கு நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இரண்டு ஆபீசையும் நெட் வழியாக இணைக்கப் போகிறோம் என்று முதலாளி சொன்னபோதும் பயந்தது நான்தான். அதுவரை அரியலூருக்குப் பேச வேண்டுமென்றால் வெளி லைனில்தான் பேச வேண்டும். உங்கள் லைன் எப்போது பார்த்தாலும் எங்கேஜ்டாக இருக்கும், வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் நான் இங்கே தவித்துக்கொண்டிருப்பேன். இதே இன்ஜினியர் தம்பி, அப்போது தொப்பை இல்லாமல், இரண்டு ஊரிலும் ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் விளக்கு மினுக்குகிற ஒரு பெட்டியை வைத்து நெட் கேபிளைச் செருகினான். "இனிமே அரியலூர் உங்களுக்குப் பக்கத்து ரூம் மாதிரிக்கா. இருபத்தொண்ணு அமுக்கினா போதும்" என்றான். பில் அடிக்கிற கம்ப்யூட்டர் போகிற அதே கேபிளில் மனுஷர் குரலும் போகுமா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வழியில் எங்காவது என் பேச்சு சிக்கிக்கொண்டால்?

முதல் தடவை பேசியபோது உங்கள் குரல் ஒரு நொடி தாமதமாக வந்தது. நானும் பேச, நீங்களும் பேச, இரண்டு பேரும் சேர்ந்தாற்போல நிறுத்த, மறுபடி சேர்ந்தாற்போல ஆரம்பிக்க, ஒரே கூத்து. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீங்கள்தான் சிரித்தீர்கள். ஜித்தாவில் வேலை பார்த்த வருஷங்களில் உங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டுக்கு இப்படித்தான் பேசினீர்களாம். "பேசி முடிச்சதும் சொல்லிட்டேன்னு சொல்லும்மா. அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன். எங்க வூட்டுல அவளுக்கு மட்டும் அதுக்குப் பொறுமை இருந்ததே இல்ல. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவ அழுது முடிச்சிருப்பா" என்றீர்கள்.

தாமதம் கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. அந்த வார்த்தை போகவில்லை. என் வீட்டில் சண்டை போடுகிறபோதுகூட, கடைசியில் "சொல்லிட்டேன்" என்று நிறுத்துவேன். அவர் திருதிருவென்று முழிப்பார். உங்களிடம் சொன்னபோது, "அப்ப இனிமே அவர் முறை, பேச விடும்மா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு வந்த கோளாறுதான் பெரிய கோளாறு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் போதும், லைனில் ஒரு பக்கம்தான் கேட்கும். சில நாள் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் எனக்கு வராது. சில நாள் மாற்றி. பேச்சு போகிற வழி வேறு, வருகிற வழி வேறு, அதில் ஒன்று அடைத்துக்கொள்கிறது என்று இன்ஜினியர் தம்பி சொல்வான், சரி பண்ணுவான், அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும். மற்றவர்கள் என்றால் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். நீங்கள் வைக்க விடவில்லை. "கேக்கலன்னு வச்சுடாதம்மா. உனக்குக் கேக்கலன்னா எனக்கும் கேக்கலன்னா அர்த்தம்? சொல்ல வேண்டியத முழுசாச் சொல்லு. கேட்டுச்சுன்னா உன் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன்." அப்படித்தான் எத்தனையோ மத்தியானங்கள், பதில் வராத ரிசீவருக்குள் நான் வண்டி நம்பர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மேசையில் செல்போன் ஒரு தடவை சிணுங்கி அடங்கும். அப்பாடா என்று இருக்கும்.

அந்த மத்தியானங்களில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கோளாறு வந்தால் லைனில் எதுவுமே இருக்காது. கோளாறு இல்லாமல் நீங்கள் சும்மா பேசாமல் இருந்தால், உங்களுக்குப் பின்னால் ஃபேன் ஓடுவது கேட்கும். அந்தக் கிழட்டு ஃபேனை மாற்றுகிறேன் என்று முதலாளி எத்தனை தடவை சொன்னார்! "இருக்கட்டும் சார், அது பாட்டுக்கு ஓடுது" என்று விடவே மாட்டீர்கள். உங்கள் பேச்சுக்கு நடுவில் அது கடக் கடக் என்று ஓடுவதைக் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி. அதை உங்களிடம் சொல்லவில்லை, கேலி செய்வீர்கள் என்று.

அந்த நாளுக்கு வருகிறேன்.

கத்திரி வெயில். நீங்கள் வண்டி நம்பர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாதி நம்பரில் நின்றுவிட்டது. காலையில் கரண்ட் போய் வந்திருந்ததால் லைன்தான் கோளாறு என்று நினைத்தேன். வழக்கப்படி பேச ஆரம்பித்தேன். "பாய், எனக்குக் கேக்கல. கடைசி வண்டி மட்டும் மறுபடி சொல்லுங்க. சொல்லிட்டேன்." மிஸ்டு கால் வரும் என்று செல்போனைப் பார்த்தேன். வரவில்லை. ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்தேன். கடக் கடக்.

ஃபேன் கேட்டது பாய். அங்கிருந்து சத்தம் வருகிற வழி திறந்துதான் இருந்தது. ஃபேன் வருகிற வழியில் நீங்கள் மட்டும் ஏன் வரவில்லை?

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. "பாய்! பாய்!" என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. ரிசீவரை வைக்கப் பயம். வைத்துவிட்டால் உங்களை நானே விட்டுவிட்டது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டே, வலது கையில் செல்லை எடுத்து உங்கள் யார்டில் எடைமேடையில் இருக்கிற செல்வராசு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அந்தக் காதில் மணி அடிக்கிறது, இந்தக் காதில் ஃபேன் ஓடுகிறது. ஒரு வழியாக எடுத்து, "என்னம்மா, லோடு நிக்குது" என்று சலித்துக்கொண்டார். "அண்ணே, பாய் பேச மாட்டேங்குறாங்க. ஓடிப் போய்ப் பாருங்கண்ணே!" என்றேன். லைன் கோளாறாக இருக்கும் என்றார். "இல்லண்ணே, ஃபேன் ஓடுது, ஃபேன் ஓடுது" என்றுதான் சொல்ல வந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, போனை வைக்காமலே ஓடினார்.

அவர் உள்ளே வந்ததை நான் உங்கள் ரிசீவர் வழியாகவே கேட்டேன். கதவு இடித்தது. நாற்காலி உருண்டது. "யோவ் பாய்! யாராவது வாங்கய்யா!" என்ற அவர் குரல். பிறகு பல கால்கள். கார் ஸ்டார்ட் ஆகி, அதன் சத்தம் தேய்ந்து போனது. அதற்கப்புறம் யாரும் வந்து ரிசீவரை எடுத்து வைக்கவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் மட்டும் ஓடியது. நானும் வைக்கவில்லை. நெஞ்சு வலியாம், உங்களைத் திருச்சிக்குக் கொண்டு போகிறார்கள், உயிர் இருக்கிறது என்று செல்வராசு அண்ணன் செல்லில் சொன்ன பிறகுதான் என் விரல்கள் விரிந்தன.

பிழைத்து வந்தீர்கள். மெலிந்து, தாடி வெளுத்து, அதே நாற்காலிக்கு. முதல் போனே எனக்குத்தான். "அல்லா உன் காதுல உக்காந்திருந்தான்மா" என்றீர்கள். நான் அழ ஆரம்பித்ததும், "ஆனா ஒண்ணு, பாய் இருக்கானான்னு நீ பாக்கல, ஃபேன் இருக்கான்னுதான பாத்த" என்று கிண்டல் செய்தீர்கள். நான் சிரித்தேன். ஆனால் பயம் போகவில்லை. அன்றிலிருந்து நீங்கள் எடுத்ததும் முதலில் ஃபேனைத் தேடுவேன், அப்புறம்தான் பேச்சைக் கேட்பேன். நீங்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட, "பாய்?" என்பேன். "உசுரோடதான்மா இருக்கேன், ஒரு மடக்குக் குடிக்க விடு" என்பீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவீர்கள், சனிக்கிழமை காலையில் திரும்புவீர்கள். ஒரு சனிக்கிழமை இருபத்தொன்றை அழுத்தினேன். ஃபேன் ஓடியது. பேசியது செல்வராசு அண்ணன். "அம்மாடி..." என்று ஆரம்பித்தார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்து உங்கள் வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் யார் என்று சொன்னதும் உங்கள் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஃபேன் கேட்ட பொண்ணா நீ? அவுங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்கம்மா. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தவங்க, சத்தமே இல்லாம போயிட்டாங்க. பக்கத்துல இருந்த எனக்கே கேக்கல" என்றார்கள். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள், இந்த வடிகட்டுகிற போனை நான் எப்படி ஏற்றுக்கொள்வது? இனிமேல் லைன் செத்தாலும் அமைதி, ஆள் விழுந்தாலும் அதே அமைதி. கவிதாவுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. மத்தியானத்தில் அந்த அறையில் தனியாகத்தான் இருக்கிறாள்.

இன்று காலை இன்ஜினியர் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். அரியலூர் போனுக்கு மட்டும் அந்த வடிகட்டியை எடுத்துவிடு என்றேன். "காசு குடுத்து வாங்குறதே அதுக்குத்தான்க்கா" என்று சிரித்தான். உங்கள் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எதையோ தேடி, ஒரு டிக்கை எடுத்தான். "இப்பப் போட்டுப் பாருங்கக்கா."

இருபத்தொன்று. கவிதா எடுத்தாள். அவளுக்குப் பின்னால், கடக் கடக்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கவிதா இரண்டு தடவை "அக்கா?" என்றாள். பிறகு, அவள் வேலைக்கு வந்த அன்றைக்கே நான் சொல்லிக் கொடுத்தபடி, பதறாமல் சொன்னாள்: "அக்கா, நீங்க பேசுறது எனக்குக் கேக்கல. நான் சொல்ல வேண்டியத சொல்லிடுறேன். கேட்டா மிஸ்டு கால் குடுங்க." வண்டி நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். முடித்ததும், "சொல்லிட்டேன்க்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

இந்தப் பயத்தை விட்டுவிடு என்று வீட்டுக்காரர் சொல்கிறார், டாக்டர் சொல்கிறார். விட மாட்டேன் பாய். ஒரு தடவை உங்களை எழுப்பிக் கொண்டுவந்தது அதுதான். என்னிடம் நீங்கள் விட்டுப் போனதும் அதுதான்.

உங்கள் பக்கத்திலிருந்து இப்போது ஃபேன்கூடக் கேட்கவில்லை. ஃபேன் கேட்காவிட்டால் லைன்தான் கோளாறு, எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக உங்களுக்கும் கேட்காது என்று அர்த்தமில்லை. அதனால்தான் வைக்காமல் இவ்வளவு நேரம் பேசினேன்.

சொல்லிட்டேன், பாய்.