இடுப்பு நாற்காலி

ஜூன் 4
நாற்காலி வந்ததிலிருந்து என் வீட்டுக்காரிக்குக் கழுத்தும் சேர்ந்து வலிக்கிறதாம். தையல் மெஷினில் உட்கார முடியாமல் தவிக்கிறாளே என்று வாங்கியது. “இடுப்பு வலி குறையலேன்னா பணம் வாபஸ்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் கடைக்காரர். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் எலும்பு டாக்டரிடம் காட்டணும்.

ஜூன் 5
தர மாட்டானாம்.
“வாங்கறப்ப வலி இருந்துச்சா? இப்பவும் இருக்கு. நாற்காலி புதுசா என்ன பண்ணுச்சு?”
பில்லைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. நான் படித்த எட்டாம் வகுப்பில் இவ்வளவு சின்ன எழுத்து சொல்லித்தரவில்லை. கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிங்கடா, சிரிங்க.

ஜூன் 6
மகள் நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதினாள். பணம் வாபஸ் என்று கடை விளம்பர நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறானாம். “வாக்குக் குடுத்து வித்துட்டு, பின்னாடி பொடி எழுத்துல மறுத்தா செல்லாதுப்பா. ஆனா நாளாகும்.”
ஆகட்டும். எனக்கு நியாயம் மட்டும் போதாது. அவன் மூஞ்சி தொங்கணும்.

ஜூன் 8
நாற்காலியை என் சரக்கு வண்டியில் ஏற்றி, கடைக்கு எதிரே நிறுத்தி, வண்டி மேலேயே அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் அவன் வண்டவாளத்தைச் சொல்லத் திட்டம். நான் வாய் திறப்பதற்குள், “அட, ராஜா மாதிரி இருக்காரே!” என்று உள்ளே போய்விடுகிறார்கள். மூன்று நாற்காலி விற்றுப்போச்சு. கடைக்காரன் எனக்கு டீ கொடுத்தனுப்பினான். குடித்தும் தொலைத்தேன்.

ஜூன் 9
அந்த டீ நன்றாக இருந்தது. அதுதான் ஆத்திரம்.

ஜூன் 10
விடுவேனா? இன்றைக்கும் போனேன். மதியம் இறங்கப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வண்டிக்காரர்கள் மூட்டை மாதிரி இறக்கினார்கள். கடை வாசலில் கூட்டம். ஒரு அம்மா, “இது இடுப்பு வலிக்குப் போடற நாற்காலிதானே?” என்றார். முன்பணம் கட்டிய ஒருத்தர் உடனே திருப்பிக் கேட்டார். வலித்ததைவிடக் கொஞ்சம் கூடவே முனகினேன். பொய்யா? ஏதோ.

ஜூன் 17
வண்டிக் கதவில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து, அந்த மூன்று பேரும் போன் செய்தார்கள். “உங்களைப் பாத்துதாங்க வாங்கினோம். உக்கார முடியல.” மகளிடம் அனுப்பினேன். இன்னும் மூன்று மனு.

ஜூலை 22
மன்றத்து நோட்டீஸ் போயிருக்கிறது. கடைக்காரனே கூப்பிட்டான், குரலில் தேன். “அண்ணே, எல்லாருக்கும் தந்துடறேன். பின்வாசலா கொண்டாந்துடுங்க.”

ஜூலை 23
நாலு நாற்காலியும் என் வண்டியில்தான். வாடகை வாங்கவில்லை. சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து, முன்வாசல் வழியாக, ஒவ்வொன்றாக. பையன்கள் சிரிக்கவில்லை. முன்சீட்டில் இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தாள். டீ வரவில்லை.
பணத்தை வாங்கிக்கொண்டு அங்கிருந்து நேரே டாக்டரிடம்.
“யாருக்கு இடுப்பு வலி?” என்று கேட்டார்.
இரண்டு பேரும் கை தூக்கினோம்.