சின்னவள் தலைமுடி விஷயமாக

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் நிம்மதியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னது பொய். உன் தங்கை பக்கத்திலேயே நிற்பாள், அவள் காதுபட எதைச் சொல்வது, அதனால்தான் கடிதம்.

அம்மா கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. சமையல், துணிமணி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிட்டேன், சின்னவள் தலையில்தான் தோற்றுப்போனேன். அம்மாவுக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் அப்படி இறுகச் சுருண்ட முடி, எனக்கோ கோடு போட்ட மாதிரி. அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை தலையோடு உட்கார்ந்தால் மதியம்தான் வெளியே வருவாள், உள்ளே என்ன செய்தாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. என் தலையைச் சீவுகிற மாதிரி காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தேன். சீப்புதான் உடைந்தது. அவள் போட்ட அலறலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். கண்ணாடி அறுக்கிற கை வேறு, விரல் முழுக்கக் கீறல், முடி அதில் மாட்டிக்கொண்டு அவளுக்கும் வலி எனக்கும் வலி.

போன மாதம் உன் போட்டோவைக் காட்டி, அக்கா மாதிரி நேராக வேண்டும் என்றாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் பார்லருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு களிம்பைத் தடவினார்கள். எரிகிறது என்று பிள்ளை சொன்னாள், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார்கள். நானும் அதையே சொன்னேன் அம்மாடி, அதுதான் என்னைத் தின்கிறது. கழுவும்போது தண்ணீரோடு முடி கொத்துக் கொத்தாக வந்தது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துபோயிருக்கிறது. புண் ஆறிவிடும், முடி திரும்ப வருமா என்பது இரண்டு மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மிச்சத்தில் ஒரு பக்கத்தை அவளே கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டாள். பத்தொன்பது நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை அப்படி உட்கார்ந்திருப்பதை உன்னால் பார்க்க முடியாது. வீட்டிலுள்ள கூரான சாமான் எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் பெண் கண்டக்டர் ஒருவர், அவருக்கும் உங்களைப் போலவே முடி. வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன், கேட்கும்போதே அத்தனை பேருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். பாவம், லீவு நாளில் வீடு தேடி வந்தார். புண் படாமல் மிச்ச முடியை அலசி, எண்ணெய் கிண்ணெய் எதுவும் வைக்காமல், துவட்டாமல், காய்கிறவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவாகக் காய்ந்தால்தான் அதன் சுபாவம் தெரியுமாம். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிடரியில் விரல் நுழைகிற வளையம். காதோரத்தில் பேனா ரீபில் கனத்துக்குச் சின்னச் சுருள். உச்சியில் புண்ணைச் சுற்றி மிஞ்சியதில் வளையமே இல்லை, ஒவ்வொரு முடியும் மடிந்து மடிந்து போகிறது. ஒரே ஒரு முடியை நுனியில் பிடித்து இழுத்தார், தோள்வரை வந்தது, விட்டதும் காதுக்கு மேலே போய்விட்டது. “வளரலைன்னு நெனைச்சீங்களா? சுருங்கி இருக்கு, அவ்வளவுதான். ஒரே தலையில மூணு விதம். மூணையும் ஒண்ணா இழுத்தா அறுந்துதான் போகும்” என்றார். மடிகிற இடத்தில்தான் முடி முறியுமாம். ஈரத்தில் கண்டிஷனர் போட்டு, நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே மேலே போக வேண்டுமாம். இதையெல்லாம் தெரிந்து செய்த அம்மாவைப் பார்த்துத்தான் அரைநாளை வீணாக்குகிறாய் என்று அப்போது முணுமுணுத்தேன்.

அவர் போன பிறகு சின்னவள் தானாக வாய் திறந்தாள். “அக்கா முடி பொறந்ததுலேருந்தே நேராத்தான் இருந்துச்சாப்பா?” என்று கேட்டாள். இல்லை, உன்னுடையது மாதிரியேதான் என்றேன், அவள் நம்பவில்லை. நம்ப வைக்க வீடு முழுக்கத் தேடினேன், சின்ன வயதில் நீ முடியை விரித்துவிட்ட போட்டோ ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றிலும் இழுத்துக் கட்டித்தான் இருக்கிறது. இருக்காதுதான். உன் பதினைந்தாவது வயதில், வந்தவர்கள் முன்னால், உன் தலையில் புதர் மண்டிக் கிடக்கிறது என்று சிரித்தவன் நான். அடுத்த வாரமே நேராக்கிக்கொண்டு வந்தாய். அம்மா என்னோடு பல நாள் பேசவில்லை, எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. இப்போது மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை கண்ணு, இருந்தாலும் கேட்கிறேன்.

நேராக்குவதை நிறுத்து என்று சொல்லவில்லை, அது உன் தலை, உன் இஷ்டம். ஆனால் வேரில் ஒரு விரல்கடையாவது புதிதாக வளர்ந்திருக்குமே, அதை நனைத்துக் காயவிட்டு, கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணால் பார்த்தால்தான் அவள் நம்புவாள். லீவு கிடைத்தால் நீயே வந்துவிடு. இன்று காலை பிடரியை மட்டும் தொடவிட்டாள், அரைமணி நேரம் பிரித்தேன், ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. மேலே போனதும் தலையை இழுத்துக்கொண்டாள்.

எங்கே இருந்தாலும் நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும், உனக்கு என் ஆசீர்வாதம், அம்மாவுடையதும் சேர்த்து. கடிதம் கையில் கிடைத்த அன்றே போட்டோவை அனுப்பு, மறந்துவிடாதே. நான் எழுதியதாக அவளிடம் சொல்லாதே, நீயாகவே அனுப்பியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா