மாரக்காவுக்கு மோதிரம் வேண்டாம்

ஆஸ்டின் டவுன்
9 ஜூன் 2025, திங்கள்

மதிப்புக்குரிய டாக்டர் ஆண்ட்ரூ அவர்களுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் பல் நாற்காலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் ஆட்ட மேஜையின் சட்டப்படி இதை எழுதுகிறேன். போன வருஷம் வாட்ஸப்பில் சண்டை போட்டு மூன்று மாதம் ஆட்டமே நின்றுபோன பிறகு நீங்கள் போட்ட சட்டம்தான். மனஸ்தாபம் என்றால் காகிதத்தில் கையால் எழுத வேண்டும். எழுதியதை ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். விடிந்த பிறகும் கோபம் இருந்தால் உங்கள் சித்தப்பா மகன் க்ளென் கொண்டுபோய்க் கொடுப்பார். தீரும்வரை போன் கிடையாது.

நேற்று என் பிறந்தநாள். கேக் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஆட்டக் கதையில் என் வேஷமான மாரக்காவுக்கு ஒரு மோதிரம் கொடுத்தீர்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. "இதப் போட்டா மாரக்கா கையிலருந்து நெருப்பு வரும்" என்றீர்கள். க்ளென் கைதட்டினார். நம்மோடு ஆடும் ஸ்னேஹா, "அப்பாடா, இனிமே நீயும் எங்கள மாதிரி" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவளை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது நீங்கள். "ஆளுக்கு ஒரு வேஷம், நான் கதை சொல்வேன், பகடை தீர்ப்பு சொல்லும். மந்திரவாதி, பூசாரி, சண்டைக்காரர், திருடர், வேடர், யாரா வேணா இருங்க" என்றீர்கள். வீங்கிய தாடையோடு யோசித்துத்தான் சண்டைக்காரியை எடுத்தேன். கேடயமும் சுத்தியலும் தவிர மாரக்காவுக்கு வேறு ஒன்றும் இல்லை. அது போதும் என்றுதான் எடுத்தேன்.

அதனால்தான் நேற்று பாதியில் எழுந்து வந்தேன். சரி, போகட்டும் என்று இருந்திருப்பேன். இன்று காலை பீன்யா ஃபேக்டரியில் ஷிஃப்ட் நடுவில் ஏதோ ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து போன். "டாக்டர் ஆண்ட்ரூ சொன்னாங்க மேடம். ஃப்ரன்ட் டெஸ்க்ல வேலை இருக்கு. ஏ.சி. ரூம், உக்காந்துக்கினே செய்யலாம்." நான் யாரிடம் வேலை கேட்டேன்? ஏழு வருஷமாக டூல் ரூமில் லேத் ஓட்டுகிறேன். என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதா உங்களுக்கு?

இந்தக் கதை முடிய இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. நான் வரவில்லை. மாரக்கா குகையை விட்டு வெளியே போய்விட்டாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகா

பின்குறிப்பு: செவ்வாய்க் காலை. கோபம் அப்படியே இருக்கிறது. தலையணைதான் நசுங்கிவிட்டது.


ரிச்சர்ட்ஸ் டவுன்
11 ஜூன் 2025

அன்பான மகாவுக்கு,

தேவ கிருபையால் இங்கே யாவரும் சுகம். எனக்கு மட்டும் சமாதானம் இல்லை.

உங்கள் கடிதத்தைக் க்ளென் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்த போஸ்ட்மேன் வேலைக்கு ஒரு தடவைக்கு ஒரு எக் பஃப் வேணும்பா" என்று சொல்லி வாங்கித் தின்றுவிட்டுப் போனான். நான் நான்கு முறை படித்தேன்.

மனதார மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். இந்தக் கதையில் பதினொரு ஞாயிறு எண்ணிக்கொண்டே வந்தேன். க்ளெனின் மந்திரவாதி பறக்கிறார், சுவரைக் கரைக்கிறார். ஸ்னேஹாவின் பூசாரி செத்தவர்களை எழுப்புகிறார். நீங்கள் மட்டும் "மாரக்கா பின்னாடி நடந்து வர்றா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கிறீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. மாரக்காவுக்கும் ஏதாவது இருக்கட்டும் என்றுதான் மோதிரம் கொடுத்தேன்.

வேலை விஷயமும் அதே கதைதான். ஞாயிறன்று நீங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்காருவதைப் பார்க்கிறேன். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறீர்களே என்று நினைத்தேன். அந்த ஆபீஸில் ஒருவர் என்னிடம் பல் கட்டிக்கொண்டவர். ஒரு வார்த்தை சொன்னேன். நல்லது என்று நினைத்துச் செய்தது இது. தயவுசெய்து ஞாயிறு வாருங்கள். நீங்கள் வராவிட்டால் கேக்கின் மீதியையும் க்ளெனே தின்றுவிடுவான்.

உங்கள் நலம் நாடும்,
ஆண்ட்ரூ


ஆஸ்டின் டவுன்
16 ஜூன் 2025

டாக்டருக்கு,

சுகம். நேற்று ஞாயிறு நான் வரவில்லை, பார்த்திருப்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்து மாட்டினேன். அம்மா, "இன்னாடி, நல்லா இருக்கறத எதுக்குடி கழட்டற?" என்று கத்தினாள்.

நல்லது என்று நினைத்துச் செய்தேன் என்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள், என் ஒருத்தியைத் தவிர.

போன மாதம் எங்கள் பெரிய மெஷின் ஒன்று தகராறு செய்தது. கம்பெனிக்காரர் லேப்டாப்போடு வந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத் திரை சொன்னது, வெளியே வந்த சாமானெல்லாம் தப்பாக வந்தது. சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார்தான், "ஸ்வல்ப இருங்க சார், மகா கேட்டுச் சொல்லட்டும்" என்றார். ஒரு கம்பியை மெஷின் மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தேன். உள்ளே ஒரு பேரிங் முனகிக்கொண்டிருந்தது. கழற்றினோம், அதேதான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த ஏ.சி. ரூமில் கொடுப்பார்கள்? கால் வலிக்கிறது, உண்மை. அதற்கு நல்ல ஷூ வாங்குவேன்.

மாரக்காவும் அப்படித்தான். அவளுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, பத்து வருஷம் பட்டறையில் அடித்த கை இருக்கிறது. பதினொரு ஞாயிறு அவள் ஏன் சும்மா நடந்தாள் தெரியுமா? நீங்கள் கதையில் வைத்த கதவெல்லாம் மந்திரத்துக்கு மட்டும்தான் திறக்கிறது. பள்ளம் என்றால் பறக்க வேண்டும், சுவர் என்றால் கரைக்க வேண்டும். ஒரே ஒரு இடத்திலாவது நட்டும் போல்ட்டும் வைத்தீர்களா? கதவு வைத்தது நீங்கள், குறை மட்டும் மாரக்கா மேலா?

இதற்குப் பதில் சொல்லுங்கள், வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

மகா


ரிச்சர்ட்ஸ் டவுன்
23 ஜூன் 2025

அன்பான மகாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே என் கதை நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று இடங்களில் வழி அடைபட்டிருக்கிறது. இருபத்து மூன்றும் மந்திரத்துக்குத்தான் திறக்கும். நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தப்பு என்னுடையது. சின்ன வயதிலிருந்தே நான் மந்திரவாதியாகத்தான் ஆடியிருக்கிறேன். வேறு மாதிரி ஒரு ஆள் கதவைத் திறப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரி ஆபீஸுக்கும் பேசிவிட்டேன். "அவங்க கேக்கல, நானா சொன்னது, மன்னிச்சிடுங்க" என்றேன். இனி போன் வராது.

கர்த்தர் எனக்குப் பாடம் சொல்லாமல் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் சபைப் பாடகர் குழு பிரிஜெட் ஆன்ட்டி பல்லைச் சுத்தம் செய்ய வந்தார். நாற்காலியைச் சாய்த்தேன். தலை கீழே, கால் மேலே போய் அப்படியே மாட்டிக்கொண்டது. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், மிதியை மிதித்தேன், ஜெபமும் பண்ணினேன். அசையவில்லை. ஆன்ட்டி முக்கால் மணி நேரம் தலைகீழாக ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார். கடைசியில் க்ளெனும் நானும் தூக்கி இறக்கினோம். உங்களுக்குப் போன் செய்ய ஆறு முறை கை போனது. சட்டம் போட்டவனே மீறக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். நாற்காலி இன்னும் அப்படியே நிற்கிறது, வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று ஆட்டத்தில் தைரியமாக ஒரு மாற்றம் செய்தேன். குகையின் ஆழத்தில் ஒரு இரும்புக் கதவு. மந்திரத்தை விழுங்கிவிடும் கதவு. சங்கிலியும் சக்கரமும் வைத்துத் தூக்க வேண்டும், ஆனால் சக்கரம் அச்சில் ஆடுகிறது, சங்கிலி நழுவுகிறது. க்ளென் எல்லா மந்திரத்தையும் போட்டுத் தீர்த்தான். ஸ்னேஹா சக்கரத்துக்கு ஆசீர்வாதம் செய்து பார்த்தாள். கீழே தண்ணீர் ஏறுகிறது, இடுப்பளவு வந்தாயிற்று. க்ளென் பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "டேய், மாரக்காவ கூப்பிடுடா" என்றான்.

வரும் ஞாயிறு கடைசி. நீங்கள் வராவிட்டால் அவர்கள் மூழ்கிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்குவேன். மேஜையில் உங்கள் நாற்காலி காலியாக இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆண்ட்ரூ


ஆஸ்டின் டவுன்
25 ஜூன் 2025

டாக்டர் அவர்களுக்கு,

பிரிஜெட் ஆன்ட்டி விஷயத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படித்துவிட்டுச் சிரித்ததில் எனக்குப் புரையேறி, மஞ்சுநாத் சார் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. அடுத்த தடவை சிரிப்பு விஷயம் என்றால் உறைமேல் எழுதிவிடுங்கள்.

நாற்காலியின் மிதியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஒரு வருஷத்துப் பஞ்சு சிக்கியிருக்கும். எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ஞாயிறு நான் பார்க்கிறேன்.

ஆமாம், வருகிறேன். நீங்கள் நோட்டைப் பார்த்ததும், ஆபீஸில் பேசியதும் எனக்குப் பிடித்தது. தப்பு என்னுடையது என்று சுற்றிவளைக்காமல் எழுதியது அதைவிடப் பிடித்தது. அப்படிச் சொல்கிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாரக்கா கோபத்தில் போனாளே தவிர, தூரம் போகவில்லை. குகை வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டாள். ஞாயிறு அந்தச் சக்கரத்தைப் பற்றி நிறையக் கேள்வி கேட்பேன். அச்சு எவ்வளவு பருமன், இடைவெளி எவ்வளவு, எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இனி மாரக்காவுக்கோ எனக்கோ ஏதாவது கொடுக்க ஆசை வந்தால், முதலில் கேளுங்கள்.

மகா


ரிச்சர்ட்ஸ் டவுன்
30 ஜூன் 2025

அன்புள்ள மகா,

பஞ்சுதான். ஒரு கைப்பிடி இருந்தது. பிரிஜெட் ஆன்ட்டி உங்களுக்காக விசேஷ ஜெபம் பண்ணுகிறாராம்.

நேற்று நடந்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்கள், இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். ஸ்னேஹா, "இது எதுக்கு?" என்றாள். "கதை மாஸ்டர் அளவு தப்பா சொன்னா காட்டறதுக்கு" என்றீர்கள். அச்சின் பருமனைக் கேட்டீர்கள், கட்டை விரல் அளவு என்றேன். இடைவெளி? ஒரு கம்பி அளவு. "வாஷர் தேஞ்சு விழுந்திருக்கு. அந்த மோதிரம் எங்க?" என்றீர்கள். நான் அதை இரண்டு ராத்திரி உட்கார்ந்து உருவாக்கினேன், மகா. ஏழு அரசர்கள் அணிந்த மோதிரம் என்று சரித்திரமெல்லாம் எழுதியிருந்தேன். மாரக்கா அதை வாங்கி அச்சில் மாட்டி, சுத்தியலால் இரண்டு அடி அடித்து, "இப்ப இழுங்க" என்றாள்.

க்ளென் எழுந்து நின்று கத்தினான். மாடியில் அம்மா பயந்துபோனார். பகடை உருட்டச் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு காரியத்துக்குப் பகடை எதற்கு?

கதை நோட்டை இதோடு அனுப்புகிறேன். விருப்பம் இருந்தால் அடுத்த கதையை நீங்கள் நடத்துங்கள். நான் ஆட வருகிறேன். மந்திரம் இல்லாத ஆளாக வருகிறேன். ஒரு சுமைதூக்கி போதும்.

இன்னொன்று. காகிதம் மனஸ்தாபத்துக்கு மட்டும் என்பது சட்டம். இது என் மேல் எனக்கே உள்ள மனஸ்தாபம்: இரண்டு வருஷமாக வாய் திறக்கவில்லை. நீங்கள் வராத இரண்டு ஞாயிறும் எனக்கு ஞாயிறாகவே இல்லை. உங்களை நேசிக்கிறேன். நான் சர்ச்சுக்குப் போகிறவன், உங்கள் வீட்டில் புத்தர் படம். அப்பா கட்டிவைத்த கிளினிக்கில் வந்து உட்கார்ந்தவன் நான், நீங்கள் நின்றே மேலே வந்தவர். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். முதலில் கேட்க வேண்டும் என்று சொன்னீர்கள். கேட்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?

இல்லை என்றாலும் ஞாயிறு ஆட்டம் உண்டு. அதில் மாற்றம் இல்லை.

ஆண்ட்ரூ


ஆஸ்டின் டவுன்
1 ஜூலை 2025, செவ்வாய்

ஆண்ட்ரூ,

இதை ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். வைக்கப்போவதில்லை. க்ளென் கீழே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். தெரு முழுக்க எட்டிப் பார்க்கிறது. உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது, இன்றைக்கு எக் பஃப் கேட்கவில்லை, பிரியாணி கேட்டார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "அந்த டாக்டரு நேர்ல வந்து கேக்கட்டும். வரும்போது சாமான் எடுத்துக்கினு வரச் சொல்லு, எனக்குப் பல்லு ஒண்ணு ஆடுது" என்றாள். அவளுக்குச் சம்மதம் என்றால் இப்படித்தான் பேசுவாள்.

நோட்டு வந்தது. அடுத்த கதையை நான் நடத்துகிறேன். உங்கள் சுமைதூக்கிக்கு முதல் நாளே ஒரு பெரிய மூட்டை தயாராக இருக்கிறது. பகடையில் தயவு தாட்சண்யம் கிடையாது. முதுகு வலித்தால் மாரக்கா பக்கத்தில் நடந்து வருவாள்.

மற்றதற்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் வாங்கிக்கொள்வேன். நெருப்பு வரக்கூடாது, ஏழு அரசர்கள் போட்டதாக இருக்கக்கூடாது, சாதா மோதிரமாக இருக்க வேண்டும். டூல் ரூமில் வெர்னியர் வைத்து என் விரலை இரண்டு தடவை அளந்தேன். உள் விட்டம் பதினாறு புள்ளி நாலு மில்லிமீட்டர்.

உங்கள்,
மகா