கண்ணாடிதான் உடைந்ததாம், தம்பி

குறட்டை ராஜா, என் தம்பி சேகரா,

பக்கத்தில் குண்டு விழுந்தாலும் இவன் எழும்ப மாட்டான் என்று உன்னை ஊரெல்லாம் கேலி செய்தவள் நான். இப்போது அந்தப் பேச்சை எடுக்கவே வாய் வரமாட்டேன் என்கிறது.

நீ வெல்டிங் வேலை பார்த்த துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள், அந்த நாட்டு அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? வந்ததையெல்லாம் வானத்திலேயே சுட்டுவிட்டார்களாம். நாலு ஜன்னல் கண்ணாடிதான் உடைந்ததாம். படம் எடுத்தாலும் பேசினாலும் ஜெயில். சனங்கள் பயந்துவிடக் கூடாதாம். ஒரு உயிரும் போகவில்லை என்றால், உன் போன் ஏன் அன்றிலிருந்து அடைத்தே கிடக்கிறது? இங்கே நம் அரசாங்க ஆபீசில் போய்க் கேட்டாலும், "தகவல் வரல, பொறுமையா இருங்க" என்பதோடு சரி.

அரசாங்கம் வாயை மூடினால் ஊர் சும்மா இருக்குமா? குனோங் ராபாட்டில் உன் வீட்டுக்கு நித்தம் ஒரு சேதி வந்தது. நீ காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாயாம். காம்பார் பட்டணத்தில் யாரோ உன் படத்தைப் போனில் பார்த்தார்களாம். இல்லை, நிலத்தடி அறையில் வைத்து ரொட்டி கொடுக்கிறார்களாம். உன் பெண்டாட்டி செல்வி எல்லாவற்றையும் நம்பினாள். சேதி வந்த நாளில்தான் சோறு தின்பாள்.

"வெறும் ரொட்டியா? காரச் சம்பல் இல்லாம உன் புருஷன் தொடுவானா லா?" என்றேன். சிரித்தாள். இருக்கிறாயா இல்லையா என்றே தெரியாமல் ஒருத்தியை எத்தனை நாள் சிரிக்க வைப்பது?

போன வாரம் உன் அறைத் தோழன் திரும்பி வந்தான். பெயர் எழுத மாட்டேன். வந்து உட்கார்ந்தவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவர் ஆஸ்பத்திரிலதானே இருக்காரு?" என்றாள் செல்வி.

"பேசக்கூடாதுன்னு சொல்லித்தான் பிளேன் ஏத்திவிட்டாங்க தங்கச்சி. எங்காளு ஒருத்தன் இன்னும் அங்க மாட்டிக்கிட்டு இருக்கான்."

"வாய்க்குப் பூட்டு போட்டவனுங்க சாவியாச்சும் கொடுத்தானுங்களா?" என்றேன் நான். அவன் சிரிக்கவில்லை. எழுந்தான்.

வாசல் வரை போய் நின்று, "வாரேன் தங்கச்சி, வாரேன்க்கா" என்று நாலு தடவை சொல்லாமல் என்றைக்காவது போனவனா அவன்? அன்றைக்குச் செருப்பை மாட்டினான். ஒன்றும் சொல்லாமல் நடந்தான். வாரேன் என்று சொல்லாமல் நாம் எழுந்து போவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தானே, தம்பி?

செல்வி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஒரு தடவ சொல்லிட்டுப் போங்கண்ணே! வாரேன்னு சொல்லிட்டுப் போங்க!"

அவன் தலை குனிந்தபடி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் காம்பாரிலிருந்து புதுச் சேதியோடு போன் வந்தது. "வேணாம்ணே," என்று வைத்துவிட்டாள்.

இனித் தெரிய வேண்டியது உன் மகள் யாழினிக்குத்தான். பத்து வயதுப் பிள்ளை, இன்னும் உன் போனுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "அங்க லைன் இல்லம்மா," என்கிறாள் செல்வி. பிள்ளை மனசு உடைந்துவிடக் கூடாதாம். அங்கே அந்த அரசாங்கம் செய்ததும் இதுதானே, சேகரா?

நாளைக்குப் பள்ளி விட்டு வந்ததும், சோறு போட்டுவிட்டு நானே சொல்வேன். கதை கட்ட மாட்டேன், கேலி பேச மாட்டேன். "அப்பா எப்ப வருவாரு அத்தை?" என்று கேட்பாள். வரமாட்டார் என்று சொல்வேன். அவள் அழுது ஓயும்வரை கையை விட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்தும் பின்தங்கிவிட்ட
உன் வாயாடி அக்கா,
தேவி