சுவரில் தூங்கச் சம்மதம்

நெய்வேலி

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனிக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

லீவில் வந்தபோது, நைட் ஷிப்ட் முடித்து வந்து நான் தூங்கியதை எடுத்து யூடியூபில் போட்டாயே, அதை அங்கே ஓவியம் மாட்டுகிற கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் காட்டப்போகிறார்கள், நான் கைப்படச் சம்மதம் எழுதித் தராவிட்டால் அந்தச் சுவர் வேறொருத்தருக்குப் போய்விடும் என்றாய். சிரித்ததில் புரையேறிவிட்டது. பத்தாவதையே முட்டி முட்டித் தாண்டியவன் நான், கண்ணை மூடிக் கலைஞனாகிவிட்டேன். நிலக்கரி மைன்ஸில் என்கூட வேலை செய்கிற விஜயராஜ், அண்ணே, மைன்ஸ்ல எந்த எடத்துல படுத்துக்கினு எடுத்தீங்க, சொன்னா நாங்களும் வந்து கலை வளப்போம் என்கிறான். வீட்டுக் கட்டில்தான்டா என்றால் ஒருத்தனும் நம்பவில்லை. அம்மாதான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கிழிஞ்ச பனியனோடவா வெளிநாட்டுச் செவுத்துல ஏறுவீங்க என்று வடலூர் போய்ப் புதுப் பனியன் வாங்கி வந்து, மறுபடி படுங்க, நானே எடுக்கறேன் என்றாள். படுத்தேன். தூக்கம் வரவில்லை, நடித்தேன். எடுத்ததைப் பார்த்தால் விறைத்துக் கிடக்கிறேன், தலைமாட்டில் ஊதுவத்திதான் பாக்கி.

நீ எடுத்ததில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று அதை முதல்முறையாகக் கடைசிவரை பார்த்தேன். அதுவரை என் தொப்பையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. பின்னால் அம்மா வருகிறாள். என் முகத்தில் வெயில் விழாமல் ஜன்னலில் புடவையைக் கட்டுகிறாள். விசில் அடிக்கும் முன்னே ஓடிப்போய் குக்கர் அடுப்பை அணைக்கிறாள். சிலிண்டர்காரரை வாயில் விரல் வைத்து மிரட்டுகிறாள். நம் பிளாக் மாதிரிப் பகலில் அமைதியான இடம் டவுன்ஷிப்பிலேயே கிடையாது என்று இத்தனை வருஷமாகப் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன் பார். தூங்குகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், நீ காட்டினால்தான் உண்டு. ஆகவே பழைய பனியனோடு எனக்குச் சம்மதம். ஆனால் நீ கேட்க வேண்டியது அவளை. படத்தில் வேலை செய்கிறவள் அவள், நான் கட்டிலோடு சேர்ந்த சாமான்.

நேற்று நானே கேட்டேன். இன்று காலை, உங்க கொறட்டையும் அதுல கேக்குமா என்றாள். கேட்கும் என்றேன். அப்ப காட்டச் சொல்லுங்க, இத்தினி வருஷமா நான் ஒருத்தியே கேட்டுக்கினு கெடந்தேன், வெள்ளக்காரனும் கொஞ்சம் கேக்கட்டும் என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு. நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்.

உன் அப்பா,
கொளஞ்சிநாதன்

சம்மதம்: பட்டம்மாள்